எதிர்க்கட்சி எம்.பி.யின் தோற்றுப்போகும் தனிநபர் மசோதாவால் என்ன பயன்?

நிறைய உண்டு. பிரிட்டனில் இடதுசாரி தொழிற்கட்சி எம்.பி. ஃபென்னர் பிராக்வே, எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபடியே 1956-இல் இனப்பாகுபாட்டுத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். 'பத்து நிமிட விதி'ப்படி ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். மசோதாவை அறிமுகப்படுத்த அவையின் அனுமதி கிடைத்தாலும், மேற்கொண்டு விவாதிக்க அரசு நேரம் ஒதுக்காவிட்டால் கூட்டத்தொடர் முடியும்போது மசோதா காலாவதிதான். அவருடையவை அப்படித்தான் போயின. ஆனாலும் சளைக்காமல் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்.

1964 தேர்தலில் வெறும் 11 வாக்குகளில் தொகுதியை இழந்தார். அதே தேர்தலில் ஆட்சிக்கு வந்த அவரது கட்சி 1965-இல் இன உறவுச் சட்டத்தை இயற்றியது. ஹோட்டல், பப், திரையரங்கு, பேருந்து ஆகியவற்றில் நிறம் பார்த்து ஒதுக்குவது சட்டவிரோதமானது. வேலைவாய்ப்பையும் பெருமளவு வீட்டு வாடகையையும் அது தொடவில்லை. பாகுபாடு அதிகம் உறைத்ததே அங்கேதான்! அந்த ஓட்டையை அடைக்க 1968-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.