கட்டுப்படி யாருக்கு?

கேள்வி: எங்கே பார்த்தாலும் ‘கட்டுப்படியாகும் சொகுசு’ என்றே விளம்பரம் செய்கிறார்களே, நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்களா? – ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய் விற்கும் அம்மாவிடம் தக்காளியைக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். “கட்டுப்படியாகாது சாமி” என்பார். கட்டுப்படியாகாதது அவருக்கு, எனக்கு அல்ல. தமிழில் அது பெரும்பாலும் விற்கிறவரின் சொல். வாங்குகிறவர் சொல்வது ‘கையைக் கடிக்குது’. ஆகவே ஒரு கம்பெனி ‘கட்டுப்படியாகும் சொகுசு’ என்று போர்டு வைத்தால், ‘இந்த விலைக்கு விற்றாலும் எங்களுக்கு லாபம்தான்’ என்று ஒப்புக்கொள்வதாக அர்த்தம். இங்கிலீஷின் ‘அஃபோர்டபிள் லக்ஷுரி’யைப் பார்த்து அவசரமாக எழுதிய விளம்பரக்காரர் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் வேலை போகாமல் இருக்கட்டும்.

(இந்தச் சொல்லில் ‘ப்’ வருமா வராதா என்று எங்கள் பிழை திருத்துநருக்கும் எனக்கும் ஆறு வருஷச் சண்டை. இந்த முறையும் அவர் அடித்தார், நான் போட்டேன். ஜெயித்தது யார் என்று அச்சில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, சொகுசுக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் எச் அண்ட் எம் என்ற ஸ்வீடன் துணிக் கம்பெனி, நம் ஊர் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியோடு சேர்ந்து துணிகள் இறக்கியது. அவர் பெயர் போட்ட சேலை 9,999 ரூபாய். சரக்கு சில நிமிஷங்களில் தீர்ந்தது. நம் கைவினைக் கலையைக் காட்டி விற்கிறீர்கள், அதைச் செய்கிற கைகளுக்கு இதில் வேலை எங்கே என்று கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதமே எழுதின. நியாயமான கேள்வி. ஆனால் என் கண் அந்த நாலு ஒன்பதிலேயே நின்றுவிட்டது. பாட்டா செருப்பு 95 பைசாவில் முடிந்த காலத்திலிருந்து இந்த வியாதியைப் பற்றி நான் புலம்பி வருகிறேன். அந்தப் பாக்கி 5 பைசாவைக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் என் அப்பா. அவரோடு செருப்பு வாங்கப் போக வீட்டில் யாரும் சம்மதித்ததில்லை.

விலையைக் குறைத்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிடுவதில்லை. 2009-ல் டாடா நானோ ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று வந்தது. ‘மலிவான கார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர் பார்க்க மலிவை வாசலில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? அப்படி விற்றது தப்பு என்று ரத்தன் டாடாவே பிற்பாடு சொன்னார். அதே டாடா வீட்டுப் பிள்ளைதான் டைட்டன், நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவோடு கூட்டு. ஓசூரில் செய்த கைக்கடிகாரத்துக்கு விளம்பரத்தில் மொஸார்ட்டின் 25-வது சிம்பொனியை வாசிக்க விட்டார்கள். 17 வயதில் அந்த மனுஷர் எழுதியது. என் மாமனாருக்கு அது கடைசி வரை ‘டைட்டன் பாட்டு’. எச்எம்டி கடிகாரத்தைத் தவிர எதையும் நம்பாதவர், என் கல்யாணத்துக்குப் பாட்டைக் கேட்டு டைட்டன் வாங்கினார். ஐந்து நிமிஷம் முந்தி ஓடும், இன்னும் கட்டியிருக்கிறேன்.

ஏமாறுகிறார்களா என்றுதானே கேட்டீர்கள்? எங்கள் ஆபீஸில் ஒரு பெண், பெரிய பிராண்டின் கயிறு வைத்த காகிதப் பையில்தான் தினமும் புளிசாதம் கொண்டுவருகிறார். போன மழையில் அடி பிய்ந்துவிட்டது. பிராண்டின் பெயர் மறையாதபடி பார்த்துப் பார்த்து டேப் ஒட்டியிருக்கிறார். “ஏம்மா, ஒரு மஞ்சப்பை எடுத்துட்டு வரலாமே?” என்றேன்.

“சார், இது 2,499 ரூபாய்ப் பை. உள்ளே இருந்த பர்ஸ்தான் இனாம்” என்றார்.