ரைட்டிங்கில் மட்டும் 6: எங்கே சறுக்குகிறது?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பி.எஸ்சி. நர்சிங் முடித்த மகள் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வாங்கிவிட்டார், ரைட்டிங்கில் மட்டும் 6. நாகர்கோவிலில் இன்னொரு கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டவா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ரைட்டிங்கில் கேட்பது 6.5தான். பாக்கி அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண்.

நீங்கள் அனுப்பிய கட்டுரைகளில் இலக்கணம் மோசமில்லை. ஏதாவது கூடியது என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் 'இன்க்ரீஸ்'. அது அலுத்ததும் பட்டியலில் மனப்பாடம் செய்த 'ஸ்கைராக்கெட்'. அடி வாங்குவது இங்கேதான்; ரைட்டிங் மதிப்பெண்ணில் கால்பங்கு சொல்வளத்துக்கு.

ஆங்கிலத்தில் கூடுவது எது என்பதைப் பொறுத்து அதோடு சேரும் சொல் மாறும். 'ரேட்' என்றால் 'ரோஸ்', 'வென்ட் அப்'. 'ஹை ரேட்' உண்டு, 'பிக் ரேட்' கிடையாது. மக்கள்தொகைக்கு 'குரோ', தொற்றுக்கு 'ஸ்பிரெட்'. 'ரைஸ்' தானாகக் கூடுவது, 'ரெய்ஸ்' ஒருவர் கூட்டுவது. 'டெங்கு கேசஸ் ரெய்ஸ்டு' என்று எழுதினால் யாரோ வேண்டுமென்றே கூட்டியதாகிவிடும்.

நர்ஸ் குழப்பவே கூடாத ஒரு ஜோடி இருக்கிறது. 'இன்சிடென்ஸ்' என்பது குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் வந்தவர்களின் அளவு. 'ப்ரெவலன்ஸ்' பழையவர், புதியவர் என்று நோயோடு இருக்கும் எல்லோரையும் சேர்த்தது. நல்ல சிகிச்சையால் சர்க்கரை நோயாளிகள் நீண்டகாலம் வாழ்ந்தால், 'இன்சிடென்ஸ்' அப்படியே இருந்தாலும் 'ப்ரெவலன்ஸ்' ஏறும். இரண்டுக்கும் 'ரைசிங்', 'இன்க்ரீசிங்' பொருந்தும்.

அடுத்தது முன்னும் பின்னும் வரும் சின்னச் சொற்கள். எதில் உயர்வு என்றால் 'ரைஸ் இன்', எவ்வளவு உயர்வு என்றால் 'ரைஸ் ஆஃப்'. நம் மாவட்ட மக்கள்தொகை 2001இல் 16,76,034, 2011இல் 18,70,374. இது 'குரூ பை 11.6 பெர்சென்ட்' அல்லது 'குரூ டு 1.87 மில்லியன்'. 'பை'யும் 'டு'வும் இடம் மாறினால் எண்ணே பொய்யாகிவிடும். லட்சக்கணக்கு அங்கே புரியாது, மில்லியனில் எழுதட்டும். 20 சதவீதம் 30 ஆனால் அது 10 'பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' உயர்வு. '10 பெர்சென்ட்' என்பது தவறு, உண்மையில் 50 பெர்சென்ட். கோடு ஒரே ஆண்டில் நிமிர்ந்தால் 'ஷார்ப் ரைஸ்', ஆண்டுதோறும் விடாமல் ஏறினால் 'ஸ்டெடி ரைஸ்'.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு மாறும் யோசனையும் இருக்கிறது என்றீர்கள். அங்கே எழுதுவது ஒரே நோயாளியைப் பற்றி 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம். ஒருவருக்கு முன்பைவிட அடிக்கடி தலைவலி வருவதை 'இன்சிடென்ஸ்' என்று எழுதக் கூடாது. 'இன்க்ரீசிங்லி ஃப்ரீக்வென்ட் ஹெட்ஏக்ஸ்' போதும். வலி முற்றினால் 'வொர்சனிங் பெயின்'. பிரஷர் 'ஸ்கைராக்கெட்' ஆனதாக எழுதினால் படிக்கும் டாக்டர் சிரிப்பார்.

தனிச்சொல் பட்டியலை ஓரம்கட்டச் சொல்லுங்கள். நோட்டில் ஒரு வரிக்கு ஒரு முழுச் சேர்க்கை: 'எ ஷார்ப் ரைஸ் இன் தி நம்பர் ஆஃப்'. டாஸ்க் 1க்குத் தினம் ஒரு கிராஃப், 20 நிமிடம், 150 சொல். கட்டுரை எழுதும் டாஸ்க் 2க்கு இரட்டை மதிப்பு என்பதால் அதன் 40 நிமிடத்தைக் கிராஃபுக்குக் கடன் கொடுக்க வேண்டாம்.