எஸ்கோவும் ஸ்கெல்டேயும்

கேள்வி: சென்ற இதழின் துர்னே நகரக் கட்டுரையில் 'எஸ்கோ ஆறு' என்று எழுதியிருந்தீர்கள். அட்லஸில் அங்கே ஓடுவது 'ஷெல்ட்'. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பெயரைச் சிதைத்தால் நாமும் அப்படியே எழுத வேண்டுமா?

பதில்: அவர்கள் சிதைக்கவில்லை. நீங்கள் அட்லஸில் பார்த்ததுதான் வெளியூர்ப் பெயர். 'ஷெல்ட்' ஆங்கிலம், அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வட பிரான்சில் பிறந்து, கம்பிரே, வலான்சியென் ஊர்களைத் தாண்டி, பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் துர்னே வரை அது எஸ்கோ. அப்புறம் டச்சு பேசும் பகுதி. கென்ட், ஆண்ட்வெர்ப் மக்களுக்கு அது ஸ்கெல்டே. நெதர்லாந்தில் கடலைச் சேரும்வரை அதே பெயர்தான்.

ஜூலியஸ் சீசர் தன் போர்க் குறிப்புகளில் இந்த ஆற்றை 'ஸ்கால்டிஸ்' என்கிறார். அந்தப் பழைய பெயரின் வாரிசுகள்தான் இரண்டும். லத்தீன் சொல் 'ஸ்க', 'ஸ்ட' என்று தொடங்கினால் பிரெஞ்சு நாக்கு முன்னால் ஒரு 'எ' சேர்த்துக்கொண்டது. நம் ஊரில் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகவில்லையா, அதே வேலைதான். லத்தீனில் பள்ளிக்கு 'ஸ்கோலா', பிரெஞ்சில் 'எகோல்'. பிறகு நடுவில் இருந்த 'ல்' கரைந்து 'ஓ' ஆயிற்று. கடைசி 'ட்' எழுத்தில் மட்டும் நிற்கிறது, வாயில் வருவதில்லை. ராமனை இராமன் என்றும், லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் எழுதுகிற நாம் இதைச் சிதைவு என்று சொல்லலாமா?

உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. 1795இல் பிரெஞ்சுக் குடியரசு இந்தப் பகுதிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, கென்ட்டைத் தலைநகராக வைத்து ஒரு மாவட்டம் அமைத்தது. அதற்கு இட்ட பெயர் 'எஸ்கோ'. டச்சு பேசுகிறவர்களின் ஊரில், அவர்கள் ஆற்றின் பெயரையே பிரெஞ்சில் எழுதி மாட்டினார்கள். 1814இல் பிரெஞ்சு ஆட்சி போகும்வரை அது நீடித்தது. அது அடாவடி. கென்ட் பற்றியோ ஆண்ட்வெர்ப் துறைமுகம் பற்றியோ எழுதும்போது எஸ்கோ என்று நான் எழுத மாட்டேன், எழுத விடவும் மாட்டேன்.

ஆனால் துர்னேயில், அந்த ஐந்து கோபுரப் பேராலயம் நிற்கும் ஊரில் ஓடுவது எஸ்கோதான். அட்லஸில் ஷெல்ட் என்று இருக்கும் ஆறு இதுதான் என்று கட்டுரையில் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தவறு.