‘என்ன செய்கிறீர்கள்?’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது?

ஒருவரின் வேலையைத் தெரிந்துகொள்ள ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்று கேட்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். தமிழில் ‘என்ன செய்கிறீர்கள்?’ என்ற ஒரே கேள்வி பிழைப்புக்கும் பொருந்தும், கையில் இருக்கும் காரியத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. பிழைப்பைக் கேட்க ‘வாட் டூ யூ டூ?’. நீங்கள் சொன்னது இந்த நொடியில் நடப்பதைக் கேட்பது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியையிடம் அதைக் கேட்டால், ‘வெங்காயம் நறுக்குகிறேன், தெரியவில்லையா?’ என்பார். கேட்பவர் குரல் சற்று உயர்ந்தால் அந்தக் கேள்வி அதட்டலாகவே ஒலிக்கும்.

‘வாட் இஸ் யுவர் ஜாப்?’ பிழையில்லை, ஆனால் விண்ணப்பப் படிவம் பேசுவதுபோல் இருக்கும். ‘வாட் டூ யூ டூ’வோடு ‘ஃபார் எ லிவிங்’ (பிழைப்புக்காக) சேர்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை. ‘ஹவ் டூ யூ டூ?’ வேறு ரகம்: பழைய பாணி வணக்கம் அது, அதையே திருப்பிச் சொன்னால் போதும்.