ஃபிளாஷ் செய்யும் முன்: ஃபர்ம்வேர் கேள்வி பதில்

கேள்வி: சார், மீடியாடெக் சிப் உள்ள போனை எஸ்பி ஃபிளாஷ் டூலில் ஃபிளாஷ் செய்தேன், அதாவது ஃபர்ம்வேரை (போனை இயக்கும் மென்பொருளை) மறுபடி எழுதினேன். போன் ஓடுகிறது, ஆனால் சிக்னலும் இல்லை, ஐஎம்இஐயும் (போனின் அடையாள எண்) இல்லை. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. அனேகமாக 'ஃபார்மேட் ஆல் + டவுன்லோட்' (எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதுவது) என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது என்விரேம் பகுதியையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஐஎம்இஐ, வைஃபை முகவரி, ரேடியோ அளவீடுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவை அந்த ஒரு போனுக்கே உரியவை என்பதால், இறக்கிய ரோமில் (ஃபர்ம்வேர் கோப்பில்) தேடினாலும் கிடைக்காது. முன்பே ரீட்பேக் (போனிலிருந்து படித்தெடுத்த நகல்) எடுத்து வைத்திருந்தால் அந்தக் கோப்பைத் திருப்பி எழுதுங்கள், சரியாகிவிடும். இல்லையென்றால் சர்வீஸ் சென்டர்தான் வழி. வேறு ஐஎம்இஐ போட்டுத் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். லோகோவிலேயே நிற்கும் போனுக்கு 'டவுன்லோட் ஒன்லி' (முழுவதும் அழிக்காமல் எழுதுவது) பெரும்பாலும் போதும். எந்தப் போனாக இருந்தாலும் முதல் வேலை என்விரேம் பேக்கப். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கேள்வி: சாம்சங் போனை ஓடின் கருவியில் ஃபிளாஷ் செய்யும்போது சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள்), ஹோம் சிஎஸ்சி என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. எதைப் போட வேண்டும்?

பதில்: படங்களும் தொடர்புகளும் வேண்டுமென்றால் ஹோம் சிஎஸ்சி. வெறும் சிஎஸ்சி போட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, சாம்சங்கில் பழைய ஆண்ட்ராய்டுக்குத் திரும்பப் பார்த்தேன். 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 3' என்று சிவப்பில் வருகிறது.

பதில்: பில்ட் எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள், அதுதான் பைனரி எண், போன் பழையதற்கு இறங்காமல் தடுக்கும் பதிப்பு எண். உங்கள் போன் 5-க்கு ஏறிவிட்டது, இனி 3-ஐ ஏற்காது. ஓடினின் எந்தப் பதிப்பை மாற்றினாலும் இதே கதைதான், ஏனென்றால் தடுப்பது போனுக்குள் இருக்கும் பூட்லோடர் (போனைத் துவக்கும் மென்பொருள்). பைனரி 5-இலேயே பழைய ஆண்ட்ராய்டு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இறங்கலாம்.

கேள்வி: குவால்காம் சிப் உள்ள போன் முழுவதும் செத்துவிட்டது. கம்ப்யூட்டரில் 'கியூடிலோடர் 9008' என்று மட்டும் காட்டுகிறது.

பதில்: அது தெரிகிறதே, அதுவே நல்ல செய்தி! சிப்புக்குள் இருக்கும் பூட்ரோம் (முதல் துவக்க நிரல்) உயிரோடு இருக்கிறது, போன் இடிஎல் (அவசர டவுன்லோட்) மோடில் காத்திருக்கிறது. உங்கள் மாடலுக்குரிய ஃபயர்ஹோஸ் கோப்பும் (போனின் சேமிப்பகத்தில் எழுத உதவும் நிரல்) ரோமும் கிடைத்தால் குவால்காமின் கியூஃபில் கருவி வழியாக எழுதலாம். வேறு நிறுவனத்தின் ஃபயர்ஹோஸை சிப் பொதுவாக ஏற்காது, கையொப்பம் பொருந்தாது. சில நிறுவனங்கள் அனுமதி பெற்ற கணக்கும் கேட்கும். 'சஹாரா' பிழை (போனுடன் முதல் தொடர்பு அமையாத பிழை) வந்தால் கேபிளைக் கழற்றி, போனை மறுபடி இடிஎல்லுக்குக் கொண்டுவந்து, இணைத்த கையோடு டவுன்லோடை அழுத்துங்கள்.

கேள்வி: கிராக் செய்த டூல் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. அணைக்கலாமா?

பதில்: வேண்டாம். வாடிக்கையாளர்களின் போன்கள் இணையும் கம்ப்யூட்டர் அது, அதில் இந்த ஆபத்து தேவையில்லை. மீடியாடெக்குக்கு எம்டிகே கிளையன்ட், சாம்சங்குக்கு ஹெய்ம்டால் என்று திறந்த மூலக் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. எம்டிகே கிளையன்ட் ஆதரிக்கும் சிப்பாக இருந்தால், மேலே சொன்ன என்விரேம் பேக்கப்பையும் அதிலேயே எடுக்கலாம்.