வைத்தியர் ஊரில் இல்லாத நாள்

கேள்வி: பாம்புக்கடிக்குப் பச்சிலையே கைகண்ட மருந்து என்று 12 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதியதை நறுக்கி, என் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். போன இதழில் ‘கடிபட்டால் நேரே பெரியாஸ்பத்திரி’ என்கிறீர்கள். சொந்த வீட்டில் ஓர் அனுபவம் வந்ததும் பாரம்பரியத்தை உதறிவிட்டீர்களே, இது சந்தர்ப்பவாதம் இல்லையா?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி

பதில்: சந்தர்ப்பவாதம் என்றால் கையில் ஏதாவது ஆதாயம் ஒட்டியிருக்க வேண்டும். எனக்கு ஒட்டியது உங்கள் கடிதமும், அதே சூட்டில் வந்த இன்னும் சில கடிதங்களும்தான். அனுபவத்தால் மாறினேன் என்கிறீர்கள். ஐயா, என்னை முதலில் கெடுத்ததே அனுபவம்தான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். கிணற்றடியில் என் தாய்மாமாவைப் பாம்பு கடித்தது. வைத்தியர் வேப்பிலையை மெல்லக் கொடுத்து, கசக்கிறதா என்று கேட்டார். கசந்தால் விஷம் ஏறவில்லை என்பது கணக்கு. மாமா “தெரியவில்லையே” என்று அழுதார். சிறியாநங்கையை அரைத்து உருண்டையாக உள்ளே தள்ளினார்கள். மறுநாள் காலை மாமா எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டார். இதைக் கண்ணால் கண்டவனிடம் எந்த டாக்டர் வந்து என்ன சொல்லிவிட முடியும்?

கிணற்றடிகளில் திரிவது பெரும்பாலும் சாரையும் தண்ணீர்ப்பாம்பும். அவற்றின் கடியில் உயிர் போவதில்லை. நல்லபாம்பேகூட எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. எந்த நூலகத்திலும் கிடைக்கிற செய்தி இது, நான் தேடவில்லை. கட்டுரைக்காக மேலூர் வட்டாரத்தில் இருபது பேரைப் பேட்டி கண்டேன். இருபது பேரும் பச்சிலையால் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்களை எந்தத் திண்ணையில் உட்காரவைத்துப் பேட்டி காண்பது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

போன தை மாதம், மேலூருக்குக் கிழக்கே கால்வாய்ப் பாசன வயலில் அறுப்பு. கதிர்க்கட்டைத் தூக்கக் குனிந்த என் மைத்துனரின் புறங்கையில் கண்ணாடி விரியன் போட்டது. குக்கர் விசில்போல அது சீறியதை வரப்பில் நின்ற எல்லோரும் கேட்டோம். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? என் கட்டுரையின் நாயகரான அதே வைத்தியருக்குத்தான் போன் செய்தேன். அவர் நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

“என்ன பாம்பு?”

“விரியன்.”

“விரியன் என்றால் நான் தொடுவதில்லை ஐயா. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கையை ஆட்டவிடாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.”

108 வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு செவிலியர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, நேரத்தைக் குறித்து, யாரும் தொடக்கூடாது என்று ஓரமாக நிறுத்தினார். பிளாஸ்டிக் குழாய் ஆகாதாம்; கண்ணாடி பட்டால்தான் ரத்தம் முறையாக உறையும். 20 நிமிடம். சுவர்க் கடிகாரத்தை அவ்வளவு வெறுப்போடு நான் பார்த்ததில்லை. பிறகு குழாயைச் சாய்த்தார். தோய்ந்த தயிர்போல அடியில் நிற்கவேண்டிய ரத்தம் சர்பத்போல ஓடியது. அதற்குள் மைத்துனரின் ஈறு கசியத் தொடங்கியிருந்தது. பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய், அப்போதும் ஓடியது. மறுபடி மருந்து. விடியற்காலைக் குழாயைத்தான் அந்த அம்மா தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். அசையவில்லை.

பிறகொரு நாள் வைத்தியரிடம், விரியனைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்கள் பிழைத்தவர்களைப் பற்றித்தானே கேட்டீர்கள்” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் புகழ்ந்து எழுதிய எனக்குத்தான் தெரியவில்லை.

பாரம்பரியத்துக்கு வருகிறேன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. மண்ணில் தடம் பார்த்துப் பாம்பின் வளையைக் கண்டுபிடிக்கும் வித்தை அவர்களுக்கு எந்தக் கல்லூரியிலும் வந்ததல்ல. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் விஷத்தை எடுத்து மருந்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அந்தக் குப்பி. உங்கள் பாரம்பரியம் அதற்குள்ளும் இருக்கிறது.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி தெரியாது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிகிற நேரத்தில் வயிற்றைப் பிசையும், இமை தானாக மூடிக்கொள்ளும், பிறகு மூச்சு. அதற்கும் என் பழைய கட்டுரையில் ஒரு கஷாயம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி யாராவது விடியட்டும் என்று காத்திருந்தார்களா? 12 ஆண்டுகளில் வந்த கடிதங்களில் அப்படி ஒன்று இல்லை. அந்தக் கடிதம் வரவும் வராது. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்ற ஆணையே தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் வந்தது.

அந்தக் கட்டுரையை என் தொகுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லியாயிற்று. உங்கள் சுவரில் இருப்பதை நீங்கள் கிழிக்கவேண்டாம். அதன்மேல், தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்குக் கொட்டையெழுத்தில், 108 என்று எழுதிவையுங்கள்.