மூடி மறைத்தது யார்?

கேள்வி: டாபி நட்சத்திரத்தின் ஒளி 22 சதவீதம் குறைந்தபோது, வேற்றுலகவாசிகள் அதைச் சுற்றி எழுப்பிய கட்டுமானமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகளே சொன்னார்கள். பிறகு ‘வெறும் தூசி’ என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். எதை மூடி மறைக்கிறார்கள்?

பதில்: எதையும் மறைக்கவில்லை. அந்த நட்சத்திரத்தைப் பற்றிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகள் யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் இருக்கின்றன. அதன் விநோதத்தை முதலில் கண்டவர்களே பொதுமக்கள்தான். கெப்ளர் தொலைநோக்கி 2009 முதல் 2013 வரை ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களை அரை மணிக்கொரு முறை அளந்தது. கோள் குறுக்கே வந்தால் மங்கல் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். கணினி நிரல் தேடியதும் அதைத்தான். கேஐசி 8462852 என்ற பட்டியல் எண் கொண்ட டாபி நட்சத்திரத்தில் அந்த ஒழுங்கே இல்லை. பொதுமக்கள் கோள்களைத் தேடும் ‘பிளானெட் ஹன்டர்ஸ்’ திட்டத்தில் வரைபடங்களைக் கண்ணால் பார்த்த தன்னார்வலர்கள் அதைப் பிடித்தார்கள்.

2011 மார்ச்சில் 15 சதவீதம், 2013 பிப்ரவரியில் ஏறத்தாழ 22 சதவீதம். இது எவ்வளவு பெரிய மறைப்பு தெரியுமா? சூரியனைவிட ஒன்றரை மடங்கு அகலமான அந்த நட்சத்திரத்தின் முன்னே வியாழன் அளவுள்ள கோள் போனால் அரை சதவீதம்கூடக் குறையாது. வானியலாளர் டபெதா பொயாஜியனின் குழு 2015இல் வெளியிட்ட கட்டுரை, சிதறிய வால்மீன்களைத்தான் பொருத்தமான விளக்கமாக வைத்தது. இன்னொரு வானியலாளரான ஜேசன் ரைட்டின் குழு, செயற்கைக் கட்டுமானங்களைத் தேடுவோர் சோதிக்கத் தகுந்த இலக்கு இது என்று எழுதியது. ‘சோதிக்கத் தகுந்தது’ என்பதை ‘கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று மாற்றியது செய்தித் தலைப்புகள்.

சோதித்தார்கள். ஆலன் ரேடியோ தொலைநோக்கி வரிசை அதே ஆண்டு அக்டோபரில் காது கொடுத்துக் கேட்டது. சமிக்ஞை ஏதும் இல்லை. நட்சத்திர ஒளியைப் பெருமளவு விழுங்கும் கட்டுமானம் சூடாகி அந்த வெப்பத்தை அகச்சிவப்பாக உமிழ்ந்தே ஆகவேண்டும். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1960இலேயே சொன்ன கணக்கு இது. இங்கே அந்த உபரி வெப்பமும் தென்படவில்லை.

தீர்ப்பைச் சொன்னது நிறம். கெட்டியான சுவர் நீலம், சிவப்பு எல்லாவற்றையும் ஒரே அளவில் மறைக்கும். நுண்தூசி நீலத்தை அதிகமாகத் தடுக்கும், சிவப்பை ஓரளவு விட்டுவிடும். 1,700க்கும் மேற்பட்டோர் கொடுத்த நன்கொடையில் உலகின் பல இடங்களில் உள்ள லாஸ் கும்ப்ரஸ் தொலைநோக்கிகள் இந்த நட்சத்திரத்தை விடாமல் கண்காணித்தன. 2017 மே மாதம் தொடங்கி அடுத்தடுத்து நான்கு மங்கல்கள் வந்தன. நீலத்தில் ஒளி குறைந்த அளவு, சிவப்பின் விளிம்பில் குறைந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அப்படியானால் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. அவ்வளவு பொடியான தூசியை நட்சத்திரத்தின் ஒளியழுத்தமே வெளியே தள்ளிவிடும். எனவே புதுத் தூசியை ஏதோ ஒன்று தொடர்ந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்த வால்மீன்களா, சிதைந்த துணைக்கோளா என்பதில்தான் இன்றும் விவாதம்.

நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. நிறச் சோதனை நடந்தது ஓரிரு சதவீத மங்கல்களில். 2013இன் பெரிய மங்கலைக் கெப்ளர் ஒரே அகன்ற அலைப்பட்டையில் பதிந்தது. அதற்கு நிறத் தகவலே கிடையாது. அதே அளவு மங்கல் மறுபடி வரும்போது பல நிறங்களில் அளந்தால்தான் அந்த இடைவெளி அடையும்.

அதற்கு நீங்களும் உதவலாம். நட்சத்திரத்தின் பொலிவெண் 11.7 (இந்த எண் கூடக்கூட ஒளி மங்கல்). அன்னம் (சிக்னஸ்) விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. செப்டம்பர் பிற்பகுதியில் இரவு எட்டு மணிவாக்கில் சென்னையின் வடவானில் ஐம்பத்தெட்டு பாகை உயரத்தில் நிற்கும். எட்டு அங்குலத் தொலைநோக்கி, கறுப்பு வெள்ளை கேமரா, தரப்படுத்திய ஃபில்டர்கள் போதும். ஒரு சதவீத மங்கல் என்பது பொலிவெண்ணில் வெறும் 0.011, ஆகவே கவனம் வேண்டும். நட்சத்திரப் புள்ளியின் உச்சம் கேமராவின் கொள்ளளவில் பாதியைத் தாண்டாதபடி எக்ஸ்போஷரை வையுங்கள். ஒன்றுக்குப் பல ஒப்பீட்டு நட்சத்திரங்களை எடுங்கள். அவற்றின் நிறம் இதன் நிறத்தோடு ஒத்திருக்கவேண்டும். அவை சிவந்தவையாக இருந்தால், வானில் தாழத் தாழக் காற்று நீல ஒளியை அதிகமாகத் தின்னும். உங்கள் நட்சத்திரம் மங்குவதுபோல் பொய்யாகத் தெரியும். முப்பது பாகைக்குக் கீழே அளக்காதீர்கள். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனியே ஃப்ளாட் படம் (சீரான வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் திருத்தப் படம்) எடுங்கள். கண்ணாடியில் படிந்த தூசியின் நிழல்மேல் நட்சத்திரம் நகர்ந்தாலும் பொய் மங்கல் வரும்.

முடிவுகளை ஒளி மாறும் விண்மீன்களின் அளவீடுகளைத் தொகுக்கும் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்பலாம். மங்கல் தொடங்கிய இரவில் ஒரே ஃபில்டரோடு உட்கார்ந்துவிடாதீர்கள். நீலத்தையும் சிவப்பையும் மாற்றி மாற்றி எடுங்கள்.